றசீனின் போர்க்களக் கடிதம்

பிரெஞ்சு நாடகாசிரியர் றசீன், 1692 யூன் மாதம், நாமூர் முற்றுகைப் பாசறையிலிருந்து தம் நண்பர் புவாலோவுக்குத் தம் கைப்பட எழுதிய கடிதமொன்றுண்டு. மேலோட்டமாக நோக்குவார்க்கு அது போர்ச் செய்தி, அவ்வளவே. ஆயினும் அவருடைய அவலநாடகங்களிற் காணாத ஒரு மனிதனை நாம் அதிற் சந்திக்கிறோம்.

1677இல், 'பேத்ர்' மேடையேறிய அதே ஆண்டில், றசீனும் புவாலோவும் பதினான்காம் லூயி மன்னனின் வரலாற்றாசிரியராயினர். அரசனின் வெற்றிகளை எழுதுவது உத்தியோகம். அதற்குச் சம்பளமும் உண்டு. 1692ஆம் ஆண்டுப் படையெடுப்பிற்குப் புவாலோ செல்லவில்லை. எனவே களச்செய்தி கடிதவழியே அவரை எட்டியது.

அச்செய்திகளுள் ஒன்று: அகழியில் வேலைசெய்யும் படைவீரனொருவன் மண்ணடைக்கும் அரண்கூடையொன்றைக் கொணர்ந்து வைக்கிறான். பீரங்கிக் குண்டு அதனை வாரிச் செல்கிறது. அவன் வாய் பேசாமல் இரண்டாவதை வைக்கிறான், அதுவும் போகிறது. மூன்றாவதும் போகிறது. அவன் சலித்து நிற்க, அதிகாரி மீண்டும் ஏவுகிறான். போகிறேன், ஆனால் சாவேன் என்று சொல்லிவிட்டே அவன் போகிறான். நான்காவது கூடையை வைக்கும்போது கை சிதைகிறது. தொங்கும் கையை மறு கையால் தாங்கி மீண்டு வந்து, நான் சொன்னேனல்லவா என்கிறான். கையை வெட்டியெடுத்தபோது பல்லைக் கடித்துப் பொறுத்தவன், இனி என்னால் உழைக்க இயலாது, எனக்கு உணவிடுவது அரசரின் கடன் என்று அமைதியாகச் சொல்லிவிடுகிறான்.

அவன் பெயர் கடிதத்தில் இல்லை. றசீன் இதனை வீரத்தின் வியப்பாகவே கூறுகிறார். அவ்விறுதி வாக்கியம் ஒரு வழக்குரை என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவருடைய அரங்கில் அரசரும் அரசியரும் துன்புறுவர். ஏனையோர் செவிமடுக்கவும் செய்தி கூறவும் வருவர். மண்கூடை என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. இதனை நாம் றசீனின் குறையென்று மட்டும் கொள்வதற்கில்லை. எவனுடைய துயரம் அவலமாகும் என்பதை அரண்மனையே தீர்மானித்திருந்தது. கடிதத்திற்கோ அக்கட்டுப்பாடில்லை.

அதே ஆண்டு மே 21ஆம் தேதிக் கடிதமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1,20,000 பேர் அணிவகுத்த பெருங்காட்சியைக் கண்டு களைத்த கவிஞர், அவர்கள் யாவரும் தத்தம் குடிசைகளில் மனைவி மக்களோடும், தாம் தம் வீட்டில் குடும்பத்தோடும் இருந்திருக்கலாகாதா என ஏங்குகிறார். இதைக்கொண்டு அவரைப் போரெதிர்ப்பாளராக்குவது மிகை. மன்னனின் புகழையும் அவர் குறைவின்றியே எழுதினார். ஆனால் களைப்புற்ற வேளையில் பேனா பொய் சொல்லவில்லை.

யூன் 30இல் நாமூர்க் கோட்டை வீழ்ந்தது. 1695இல் மூன்றாம் வில்லியம் அதனை மீட்டான். சம்பளத்துக்கு எழுதப்பட்ட அரச வரலாற்றின் ஏடுகள் 1726இல் வலன்கூரின் வீடு தீப்பற்றியபோது எரிந்தன. நண்பருக்கு எழுதிய கடிதங்களை மகன் லூயி றசீன் 1747இல் அச்சிட்டார். நான்காவது கூடையைச் சுமந்தவனை நாம் அறிவது அவற்றால்தான்.