விருதும் அரைப்பேரும்

கொத்மலைப் பிரதேசத்திலே, பூண்டுலோயாவிலும் இறம்பொடையிலும் தவலந்தென்னையிலும், வேலை முடிந்து மாலையில் கூடும் இளைஞர்களிடையே இன்று திரைப்படப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் எவை, கான் விழாவில் போட்டியிட்டது எது, இந்தியத் தேசிய விருது யாருக்குப் போயிற்று, யாருக்குப் போயிருக்க வேண்டும் என்றெல்லாம் வாதம் சூடு பறக்கிறது. கைத்தொலைபேசியின் சிறு திரை உலகத்துப் படங்களை லயத்து வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. நடிகருக்காகச் சண்டையிட்ட காலம் போய்ப் படத்துக்காக வாதிடும் காலம் வருமாயின், அது ரசனை வளர்ச்சியின் அறிகுறியே.

ஆயினும் இந்த வாதங்களைக் கூர்ந்து கவனிப்போர் ஒன்றைக் காணலாம். வாதிடுவோர் மூன்று சாராராகப் பிரிந்து நிற்கின்றனர். முதற் சாராருக்கு விருதே அளவுகோல். உலகத்து அறிஞர்கள் கூடிப் பரிசளித்த படத்தைக் குறைகூற நாம் யார் என்பது அவர்கள் கட்சி. இரண்டாம் சாராருக்கு விருது என்றாலே சந்தேகம். நமது வறுமையை மேல்நாட்டாருக்குக் காட்டிப் பரிசு வாங்கும் வித்தை இது என்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டுப் புதியதன்று. 1956-ஆம் ஆண்டு கான் விழாவில் ‘பதேர் பாஞ்சாலி’க்காகச் சிறப்பிக்கப்பட்ட சத்யஜித் ராய் மீது, 1980-இல் நடிகை நர்கிஸ் இந்திய மாநிலங்களவையில் சுமத்தியதும் இதே குற்றச்சாட்டுத்தான். மூன்றாம் சாராரோ, கூட்டம் கூடிய படமே நல்ல படம் என்று முடித்துவிடுகின்றனர்.

மூவரும் ஒருவரோடொருவர் கடுமையாக முரண்படுவதாகத் தோன்றினாலும், அடிப்படையில் மூவர் செய்வதும் ஒன்றே. ஒருவர் சான்றிதழைப் பார்க்கிறார். ஒருவர் சந்தையைப் பார்க்கிறார். ஒருவர் வசூலைப் பார்க்கிறார். படத்தைப் பார்ப்பவர் எவருமில்லை. படத்துக்குள் யார் உழைக்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் பேசவிடப்படாமல் நிற்கிறார்கள் என்ற கேள்வி எழவே இல்லை.

அந்தக் கேள்வியை எழுப்புவதற்கு வேறெவரையும்விட நமது மக்களுக்கே அதிக உரிமையும் அனுபவமும் உண்டு. தோட்டத்தில் ‘பேர் போடுதல்’ என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நாளெல்லாம் மலையில் நின்று பறித்தாலும், நிறுவையில் கொழுந்து குறைந்தால் விழுவது அரைப்பேர். செய்த உழைப்பு ஒன்று. ஏட்டில் ஏறும் கணக்கு மற்றொன்று. இந்த வேறுபாட்டை முதுகுக் கூடையோடு சுமந்து பழகிய சமூகம், விருது என்ற ஏட்டையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா? விருதும் ஒரு பேரேடுதான். அதிலே யார் பேர் விழுந்தது, யார் பேர் விடுபட்டது, யாருக்கு அரைப்பேர் விழுந்தது என்று பார்ப்பதே விமர்சனத்தின் முதற் கடமை.

1957-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இலங்கை மண்ணில் எடுக்கப்பட்ட இரு படங்கள் அவ்வாண்டு உலக அரங்குக்குச் சென்றன. ஒன்று, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’. ஸ்டூடியோச் சுவர்களையும் சென்னைப் பாணியையும் உதறிவிட்டுக் கிராமத்து வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட அப்படம் கான் விழாவின் பிரதான போட்டியில் இடம்பெற்றது, பரிசு பெறவில்லை. உள்நாட்டிலும் வசூலில் தோற்றது. ஆயினும் பின்னாளில் சிங்கள யதார்த்த சினிமாவின் தொடக்கமாக மதிக்கப்படுவது அப்படமே. விருதையும் வசூலையும் மட்டுமே அளவாகக் கொள்வோர் ‘ரேகாவ’வை இருமுறை குப்பையில் எறிந்திருப்பர்.

மற்றொன்று, டேவிட் லீனின் ‘குவாய் நதிப் பாலம்’. ஹட்டன், மஸ்கெலியா மலைகளின் நீரையெல்லாம் வாங்கி ஓடும் களனி கங்கையின் கரையில், கித்துல்கலையில் அப்படத்தின் பாலம் எழுந்து, வெடித்துச் சிதறியது. 1958-இல் சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த நடிப்பு உட்பட 7 ஆஸ்கார் பரிசுகளை அது வென்றது. திரைக்கதைக்கான பரிசு யார் பெயரில் வழங்கப்பட்டது தெரியுமா? மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலின் பெயரில். திரைக்கதையை உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும். இடதுசாரிகள் என்ற காரணத்தால் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்த அவ்விருவர் பெயரும் திரையில் வரவில்லை. அவர்களுக்குரிய பரிசை அக்கடமி அங்கீகரித்தது 1984-இல். அதற்குள் இருவரும் மறைந்துவிட்டனர். இன்னும் ஒரு விந்தை: 1957-இல் ‘ரேகாவ’ போட்டியிட்ட கான் விழாவில் முதற் பரிசைத் தட்டிச் சென்ற ‘ஃபிரெண்ட்லி பெர்சுவேஷன்’ படத்தின் திரைக்கதையும் அதே மைக்கல் வில்சன் எழுதியதே. அதிலும் அவர் பெயர் இல்லை. உலகின் மிகப் பெரிய இரு பரிசுகளை ஒரே பேனா வென்றது. அந்தப் பேனாவைப் பிடித்த கைக்குப் பேர் விழவில்லை.

இது எழுத்தாளரின் கதை. படத்துக்குள்ளே விடுபட்டோர் கதை இதனினும் பெரிது. 1942-லும் 1943-லும் ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீற்றர் ரயில் பாதையில் 12,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் மாண்டனர். அதைப்போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர். நமது முன்னோரைக் கடல் கடத்திய அதே கங்காணி முறையால் மலாயாவுக்குப் போனவர்களும் அவர்தம் மக்களும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலில் அவர்களின் துயரைப் பதிவு செய்திருக்கிறார். 7 பரிசு பெற்ற படத்திலோ பாலம் கட்டுவோர் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மட்டுமே. சுமை தூக்கிச் செல்லும் சில சயாமியப் பெண்கள் வருகிறார்கள். தோட்டத் தொழிலாளி வரவேயில்லை.

அப்படியானால் அப்படத்தை ஒதுக்கிவிடலாமா என்று இரண்டாம் சாரார் ஆவலோடு கேட்பர். கூடாது. அப்படத்தில் ஓர் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. எதிரிக்காகக் கட்டும் பாலத்தைத் தன் சொந்தப் பெருமையாக எண்ணி, இன்னும் உறுதியாக, இன்னும் அழகாகக் கட்டத் துடிக்கும் கர்னல் நிக்கல்சனைப் பாருங்கள். உழைப்பின் பயன் யாருக்கு என்பதை மறந்து, உழைப்பின் நேர்த்தியில் மயங்கிவிடும் மனிதனின் சோகம் அது. துரைமாரின் தோட்டத்தைத் தன் தோட்டமாக எண்ணித் தன் இனத்தாரையே விரட்டிய கங்காணிகளைக் கண்ட சமூகத்துக்கு இந்தப் பாத்திரம் அந்நியமானதன்று. படத்தின் மேன்மையையும் அதன் மௌனத்தையும் ஒருங்கே காண்பதே நேர்மையான விமர்சனம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது கட்சி கட்டுவதாகும்.

இனித் தேயிலையையே கதைக்களமாகக் கொண்ட படத்துக்கு வருவோம். பாலாவின் ‘பரதேசி’ 2013-இல் வெளிவந்தது. தமிழகத்து மலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழாக்கிய நாவலே அதன் ஊற்று. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட இந்தியத் தேசிய விருதுகளில் அப்படத்துக்குக் கிடைத்தது ஒன்று: பூர்ணிமா ராமசாமிக்கு உடையலங்காரத்துக்கான விருது. மானம் மறைக்கவும் போதிய துணியற்ற மனிதரைப் பற்றிய படத்துக்கு உடைக்கு விருது என்பதை எண்ணிச் சிலர் நகைக்கின்றனர். நகைக்க வேண்டியதில்லை. கந்தலையும் சாக்கையும் வரலாற்று உண்மையோடு காட்டுவது பட்டுச் சேலை உடுத்துவதைவிடக் கடினமான கலை. ஆனால் கந்தலைக் கண்ட விருது, கந்தலுக்குள் இருந்த மனிதரைக் கண்டதா என்று கேட்கலாம். அது அரைப்பேர்தான்.

படத்தின் குறையோ வேறிடத்தில் இருக்கிறது. கொத்தடிமையாகிப் போன ராசா, தன் மனைவியும் பிள்ளையும் அதே மலைக்குப் புதிய ஆட்களாக வந்து சேர்வதைக் கண்டு கதறும் இறுதிக் காட்சி, கல்லையும் உருக்கும். ஆனால் அந்தக் கதறலுக்கு அப்பால் படத்துக்குப் பார்வை இல்லை. நாவலில் தொழிலாளருக்காகப் போராடும் மருத்துவரைப் படைத்தவர், தாமே மருத்துவராகவும் தொழிற்சங்கப் பணியாளராகவும் வாழ்ந்தவர். படத்திலோ மருத்துவர் மதம் பரப்பும் கேலிப் பாத்திரமாக ஆடிப் பாடுகிறார். கதை தொடங்குவது 1939-இல். 1940 ஜனவரியிலே, நமது ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரி நடந்த வேலைநிறுத்தத்தில், கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அதாவது, அக்காலத்துத் தொழிலாளி அழ மட்டும் தெரிந்தவரல்லர், எழவும் தெரிந்தவர். அழுகையை மட்டும் காட்டிவிட்டு எழுச்சியை விட்டுவிடும் யதார்த்தம் அரை யதார்த்தமே. ‘விருது கிடைக்காமல் போயிற்றே’ என்று வருந்தும் ரசிகர்கள் இந்தக் குறைக்காகவன்றோ வருந்த வேண்டும்!

மூன்றாவதாக, பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’. 2023-இல் புசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருதைப் பகிர்ந்துகொண்ட படம். 1823-இல் தொடங்கிய நமது வருகையின் 200-ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்ட அதே ஆண்டில் அது வெளிப்பட்டது தற்செயலே எனினும் கருதத்தக்கது. 2022-இன் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இந்தியத் தம்பதியர் இராமாயணத் தலங்களைக் காண மலைநாட்டுக்கு வருகின்றனர். தங்குமிடத்தில் களவு போகிறது. கணவனின் வற்புறுத்தலால் பொலிஸார் அப்பகுதித் தமிழர் சிலரைப் பிடித்துச் செல்கின்றனர். ஒருவர் காவலில் உயிரிழக்கிறார்.

இப்படத்தைப் பற்றி நம்மவரிடையே எழும் வாதம் பயனுள்ளது. ‘செத்தவன் நம்மவன்; ஆனால் அவனது லயத்தையோ தாயையோ படம் அறியத் தரவில்லை; கமரா முழுநேரமும் விடுதியிலே தங்கிவிட்டது’ என்பது ஒரு கட்சி. ‘பச்சை மலையைப் பார்க்க வருகிறவன் மனிதரைப் பார்ப்பதில்லை, அந்தக் குருட்டுப் பார்வையைத்தான் படம் குற்றக் கூண்டில் நிறுத்துகிறது’ என்பது மறுகட்சி. இரண்டாவது கட்சியில் நியாயம் மிகுதி. தொலைந்த பொருளுக்காக ஓர் உயிர் போவதற்கு ஒரு சாதாரண, படித்த, நாகரிகமான மனிதனின் பிடிவாதமே போதும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படங்கள் குறைவு. ஆயினும் முதற் கட்சியின் ஏக்கம் பொய்யன்று. சுற்றுலாப் பயணியின் மனச்சாட்சியை விசாரிக்க ஒரு படம் வந்துவிட்டது. இறந்தவனின் வாழ்வைச் சொல்லும் படம் இனித்தான் வரவேண்டும். அதை விதானகேயிடம் கேட்பதைவிட நம்மிடம் கேட்டுக்கொள்வதே முறை.

நம்மிடம் முயற்சி இல்லாமற் போகவில்லை. தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975-இலேயே தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. சென்னைப் படப்பாணியின் செல்வாக்கு அதில் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. நம்மைப் பற்றியது என்ற ஒரே காரணத்துக்காகப் பலவீனமான கலையைப் புகழ்வது, நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் அரைப்பேராகும். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி விரிவான ஒரு விமர்சனம் எழுத நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? ஆஸ்கார்ப் பட்டியலை ஒப்புவிக்கும் நாவுக்கு அப்படத்தின் பெயர் தெரியாதிருப்பது வெட்கத்துக்குரியது.

பேர் விடுபடுவது நமக்குச் சினிமாவில் மட்டும் நேர்ந்ததன்று. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டின் ஏட்டிலிருந்தே நமது பேரை நீக்கியது. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்து, 1947-இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, அந்த அநீதிக்குப் பின்னும் எழுதுவதை நிறுத்தவில்லை. இம்மலைகளின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். எந்த விருதுக் குழுவும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. விடுபட்ட பேர்களை வேறோர் ஏட்டில் எழுதிவைப்பது இலக்கியக்காரனின் கடமை என்று அவர் உணர்ந்திருந்தார்.

திரைப்பட ரசிகர்களிடம் நாம் வேண்டுவதும் அதுவே. வாதிடுங்கள், நன்றாக வாதிடுங்கள். விருதுப் பட்டியலைப் பாருங்கள். அது பல நல்ல படங்களை நமக்கு அறிமுகப்படுத்தும் வழிகாட்டி. ஆனால் தீர்ப்பை அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து முடித்தபின், இதிலே உழைத்தவர் யார், பேசியவர் யார், பேர் விழாதவர் யார் என்று கேளுங்கள். அதோடு, இது கலையாக நிறைவுற்றதா என்றும் விடாது கேளுங்கள். பதிலைப் பேச்சோடு காற்றில் விடாமல் எழுதுங்கள். இன்று எழுதப்படும் நான்கு நேர்மையான விமர்சனங்கள், நாளை இம்மலையிலிருந்து கமராவைத் தூக்கிக்கொண்டு புறப்படும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ எந்தப் பரிசையும்விடப் பெரிய துணையாகும்.