பிரிஸ்பேன் இசைக்கு ஸ்கோர் எழுதிய வானொலி

பிரிஸ்பேன் என்றதும் நமக்கு காபா மைதானம்தான் நினைவுக்கு வரும். 2021 ஜனவரியில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்டில் அறிமுகமான இடம். 328 ரன்னைத் துரத்தி இந்தியா வென்ற இடம். அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு இருக்கிறது. அதே ஊரில் 1970களில் கிடார் வாசித்த இளைஞர்களுக்குக் கணக்கு எழுத ஆள் இல்லாமல் இருந்தது. அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டது 'ஃபோர் டிரிபிள் ஸெட்' என்ற சமூக வானொலி. அதன் அரை நூற்றாண்டு ஆட்டத்தைப் பார்ப்போம்.

களம் எப்படி?

கடினமான களம். பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தை 1968 முதல் 1987 வரை ஆண்டவர் ஜோ பியெல்கி-பீட்டர்சன். 1977இல் தெரு ஊர்வலங்களுக்கே தடை போட்டார். இளைஞர்கள் கூடும் இடமெல்லாம் போலீஸ் வந்து நின்றது. மேடை கிடைக்காத 'தி செயின்ட்ஸ்' குழு, பெட்ரி டெரஸில் தாங்கள் குடியிருந்த வீட்டுக்கே 'கிளப் 76' என்று பெயர் வைத்து அங்கேயே வாசித்தது. 1976இல் சொந்தக் காசில் 500 இசைத்தட்டுகள் போட்டது. லண்டன் இசைப் பத்திரிகை ஒன்று அதைக் கொண்டாடிய பிறகுதான் பெரிய நிறுவனம் கதவைத் திறந்தது. திறமை உள்ளூரில், தீர்ப்பு வெளியூரில் என்ற நிலைமை.

தொடக்கம்

வானொலிக்கு உரிமம் தந்தது ஆஸ்திரேலியப் பிரதமர் விட்லமின் அரசு. அந்த அரசு 1975 நவம்பர் 11இல் கலைக்கப்பட்டது. அடுத்த அரசைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு 5 நாள் முன்னதாக, டிசம்பர் 8 அன்று, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இதைவிடக் கச்சிதமான நேரக் கணிப்பு இருக்க முடியாது.

பலம்

இசைத்தட்டைச் சுழலவிடுவதோடு வானொலிக்காரர்கள் நிற்கவில்லை. 'ஜாயின்ட் எஃபர்ட்ஸ்' என்ற பெயரில் கச்சேரிகள் நடத்தி நிதி திரட்டினார்கள். நிலையத்துக்குப் பணம், குழுக்களுக்கு மேடை. அதே பல்கலைக்கழகத்தில் சந்தித்த ராபர்ட் ஃபார்ஸ்டரும் கிராண்ட் மெக்லென்னனும் 'தி கோ-பிட்வீன்ஸ்' குழுவைத் தொடங்கி, 1978இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். போலீஸ் ராஜ்யத்தைச் சாடிய 'பிக் சிட்டி' (Pig City, பன்றி நகரம்) பாட்டு 1983இல் வந்தது. இந்த வானொலி வட்டாரத்தில் பிறந்த பாட்டு அது. 2004இல் பிரிஸ்பேன் இசை வரலாற்றை எழுதிய ஆண்ட்ரூ ஸ்டாஃபோர்ட் அதையே தன் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். நேயர்கள் வாக்களிக்கும் 'ஹாட் 100' பட்டியலும் அந்தந்த ஆண்டின் ரசனைக்கு எழுத்துபூர்வமான சாட்சி.

பலவீனம்

சொந்த இடம் இல்லை; ஸ்டுடியோ இருந்தது பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் இடத்தில். 1988 டிசம்பரில் ஒரு நாள் விடியுமுன், மாணவர் சங்கத்தின் புதிய நிர்வாகம் ஸ்டுடியோவுக்குள் புகுந்து ஒலிபரப்பை நிறுத்தியது. ஆதரவாளர்கள் திரண்டு வந்து நிலையத்தை மீட்டார்கள். ஆனாலும் வளாகத்தை விட்டு வெளியேறத்தான் வேண்டியிருந்தது. பின்னர் ஃபார்டிடியூட் வேலியில் சொந்தக் கட்டடம் வாங்கிய பிறகே கால் ஊன்ற முடிந்தது.

இன்னொரு பலவீனம் வானொலிக்கே உரியது: பதியாத நேரலை காற்றோடு போய்விடும். அதை ஈடுகட்டுவது காகிதம்தான். நிலையத்தின் பழைய ஆவணங்கள் பல்கலைக்கழகத்தின் ஃப்ரையர் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான் ஆய்வாளர்களுக்கு இன்று ஆதாரம் கிடைக்கிறது.

தீர்ப்பு

வணிக வானொலி ஜெயித்தவரைத் தேடி வரும். சமூக வானொலி டாஸ் போடும்போதே பக்கத்தில் நிற்கும். அந்த வகையில் ஃபோர் டிரிபிள் ஸெட் ஆடியது அபாரமான ஆட்டம். சமூக வானொலி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உள்ளூர்க் குழு வந்து பாடும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்யுங்கள். பாடியவர், வாசித்தவர், இடம், தேதி, நான்கையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரு ஊரின் இசை வரலாற்றுக்கு அதுதான் முதல் பக்கம்.