சொல்லற்ற சாட்சியம்: கொல்ட்ரேனின் ‘பேர்ட்லாண்ட்’ இசைத்தட்டு

கலையும் சமுதாயமும் பற்றிய விவாதங்களில் இசை பெரும்பாலும் ஒதுக்கிவிடப்படுகின்றது. நாவலும் சிறுகதையும் வாழ்க்கையைப் பிரதிபலிக்கின்றன என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளும் நண்பர்கள், சொற்களற்ற வாத்திய இசையைப் பற்றிப் பேச்செழுந்தவுடன் இரு கூறாகப் பிரிந்து நிற்கக் காண்கின்றோம். இசை தூய ஒலியின் அழகு, அதற்கும் தெருவில் நடப்பவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பர் ஒரு சாரார். கருத்தை வெளிப்படையாகக் கூறாத இசை மக்களுக்கு உதவாத ஆடம்பரமே என்பர் மற்றொரு சாரார். எதிரெதிர்த் திசைகளில் நிற்பவர்போலத் தோன்றினும், சொல்லற்ற இசை வரலாற்றைப் பற்றி எதனையும் கூற வல்லதன்று என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர். இக்கூற்று எத்துணைத் தூரம் பொருந்துமென்பதை, அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜோன் கொல்ட்ரேனின் ‘லைவ் அட் பேர்ட்லாண்ட்’ என்னும் ஜாஸ் இசைத்தட்டைக் கொண்டு ஆராய்வோம். 1964ஆம் ஆண்டு வெளிவந்த இத்தட்டு, அறுபதாண்டுகள் கடந்த பின்னரும் இவ்வினாவுக்குத் தக்க உரைகல்லாக விளங்குகின்றது.

கொல்ட்ரேன் 1926இல் வட கரோலினா மாநிலத்து ஹம்லெட் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவருடைய பாட்டனார் கறுப்பினத் திருச்சபையொன்றின் போதகர். சக்சபோன் அவரது வாத்தியம். பியானோவில் மக்கோய் டைனர், பேஸ் வாத்தியத்தில் ஜிம்மி கரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் ஆகிய மூவரும் அவருடன் இணைந்திருந்தனர். 1963 ஒக்டோபர் 8ஆந் திகதி நியூயோர்க் நகரின் பேர்ட்லாண்ட் விடுதியில் அவையோர் முன் இந்நால்வரும் வாசித்தவற்றுள் மூன்று உருப்படிகள் இத்தட்டில் உள்ளன. எஞ்சிய இரண்டும் அதே ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி நியூஜேர்சியில் ஒலிப்பதிவுக் கூடமொன்றிற் பதிவானவை. ஆகவே ‘நேரடிப் பதிவு’ என்ற தலைப்பை முற்றாக ஏற்பதற்கில்லை. எனினும், கூடத்திற் பதிவான இரண்டனுள் ஒன்றே இத்தட்டின் உயிர்நிலை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பேர்ட்லாண்ட் எத்தகைய இடம்? ‘பேர்ட்’ என்னும் செல்லப் பெயர் பெற்ற சக்சபோன் மேதை சார்லி பார்க்கரின் நினைவாக 1949இற் பெயர் சூட்டித் திறக்கப்பட்ட மதுவிடுதி அது. கறுப்பினக் கலைஞரின் பெயர் வாயிலை அலங்கரித்தது. அக்கலைஞரின் உடலுக்கோ அவ்வாயிலிற் பாதுகாப்பு இருக்கவில்லை. 1959 ஆகஸ்டில், தமது வாசிப்பின் இடைவேளையில் அவ்விடுதி வாசலில் நின்ற மைல்ஸ் டேவிஸைப் பொலிசார் தலையில் அடித்துக் கைதுசெய்தனர். அந்நாளில் அவருடைய குழுவில் வாசித்துவந்தவர்களுள் கொல்ட்ரேனும் ஒருவர். உள்ளே கைதட்டல், வெளியே குண்டாந்தடி: இம்முரண்பாடே ஜாஸ் இசை வளர்ந்த சமுதாயச் சூழல்.

இனி இசையை நோக்குவோம். ஜாஸ் இசையில் மெட்டு ஒரு தொடக்கமே; கலைஞர் அவ்வப்போதே கற்பனை செய்து அதனை விரித்துச் செல்வர். மனோதர்மத்தின் மதிப்பை அறிந்த எமது வாசகர்க்கு இது விளங்காத செய்தியன்று. முதல் உருப்படியான ‘அஃப்ரோ புளூ’ கியூபாவிற் பிறந்த மொங்கோ சன்டமரியாவின் ஆக்கம். ஆபிரிக்கத் தாளமரபு கரீபியன் தீவுகளின் வழியாக நியூயோர்க்கை வந்தடைந்த வரலாற்றை அதன் பெயரே கூறும். ஏறத்தாழ 11 நிமிடங்கள் நீளும் இதில், டைனரின் பியானோ அலையலையாக எழுந்து உச்சத்தைத் தொடுங்கால், கொல்ட்ரேனின் சொப்ரானோ சக்சபோன் கூவலாக உட்புகுகின்றது. எல்வின் ஜோன்ஸ் வெறுமனே தாளங் காட்டுபவரல்லர்; பல தாளங்களை ஒரே வேளையில் ஓடவிட்டுத் தலைவருடன் வாதிடுகின்றார். தலைவர், பக்கவாத்தியக்காரர் என்ற வேறுபாடு கரைந்து, ஒருவர் உயரும்போது நால்வரும் உயர்கின்றனர். தனிமனித ஆற்றலும் கூட்டு உழைப்பும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது.

பில்லி எக்ஸ்டைன் இயற்றிய காதற் பாடலொன்று அடுத்து வருகின்றது. ஏனைய மூவரும் ஓய்ந்த பின்னர் இறுதியிற் கொல்ட்ரேன் தனித்து நின்று வாசிக்கும் பகுதி, வழக்கமான மென்மைப் பாடலைச் சுயவிசாரணையாக மாற்றிவிடுகின்றது. ‘த பிராமிஸ்’ என்னும் மூன்றாவது உருப்படியில் வேகம் உண்டு. ‘அஃப்ரோ புளூ’வின் ஆழம் இல்லை. தட்டின் ஈற்றிலுள்ள ‘யோர் லேடி’யும் இனிமையானதே, ஆயினும் அதற்கு முன் வரும் ‘அலபாமா’வைக் கேட்ட செவியில் அது நிலைப்பதில்லை.

1963 செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் 16ஆம் தெரு பப்திஸ்து தேவாலயத்தில், கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கூட்டத்தைச் சேர்ந்தோர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. மூவரின் இறுதிச் சடங்கில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றினார். அதன்பின் இரண்டு மாதங்களிற் பதிவானதே ‘அலபாமா’.

அது 5 நிமிடங்களளவே ஒலிப்பது. பியானோவின் தாழ்ந்த சுரங்கள் இடைவிடாது அதிர, அதன்மேல் ரெனர் சக்சபோன் தாளக்கட்டின்றிப் பேசுவதுபோல ஒவ்வொரு வாக்கியமாக உரைக்கின்றது. கிங்கின் உரையின் ஓசையைத் தழுவியே இம்மெட்டு அமைந்ததெனப் பலர் கூறுவர். அதனை நிறுவத்தக்க சான்று இல்லையாதலின் நாம் அதன்மீது வாதங் கட்டவில்லை. செவி தரும் சான்றே போதுமானது. இடையில் நால்வரும் தாளத்துடன் நடக்கத் தொடங்குகின்றனர். வாழ்க்கை பழையபடி தொடரப்போகின்றது என்று நாம் எண்ணும் வேளையில் அந்நடை சட்டென அறுகின்றது. மீண்டும் தொடக்கத்துப் புலம்பல். ஆனால் இம்முறை எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் அடியிலிருந்து பொங்கி எழுகின்றது. துயரம் கோபமாக முதிர்வதை ஒரு சொல்லுமின்றி உணர்த்தும் அமைப்பு இது. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு எனப் பிரிப்போர் இந்த அறுபட்ட நடையை எதிற் சேர்ப்பர்?

நேர்மையான மறுப்பொன்று இங்கு எழலாம். தலைப்பை மறைத்துவிட்டால், கேட்போன் பேர்மிங்ஹாமை அறிவானா? அறியான், துயரத்தை உணர்வான், அதன் காரணத்தை அறியமாட்டான். அதே படுகொலையின் தாக்கத்தால் நினா சிமோன் இயற்றி 1964இற் பதிவுசெய்த ‘மிசிசிப்பி காட்டாம்’ சொற்களால் நேரே குற்றஞ்சாட்டிற்று. அதற்கு முன்பே, 1960இல், மக்ஸ் ரோச் அபே லிங்கனின் குரலைக் கொண்டு விடுதலை கோரும் இசைத்தொடரொன்றைப் படைத்திருந்தார். இவற்றின் தேவையை நாம் மறுக்கவில்லை. சொல் காரணத்தைச் சுட்டும். சொல்லற்ற இசை அக்காரணத்தின் பாரத்தை நம்மீது இறக்கும். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு கருவிகள். இசையால் இயலாததை, அதாவது வரலாற்றைக் கூறுவதை, தலைப்பும் விமர்சகனும் செய்தல் வேண்டும். ‘அலபாமா’வின் சுர நயங்களை வியந்துவிட்டு நான்கு சிறுமியரைக் கூறாது விடும் விமர்சகன் நடுநிலையாளனல்லன்; சாட்சியை வாய்பொத்தச் செய்பவன்.

இத்தட்டின் உறையிற் குறிப்பெழுதியவர் கவிஞர் லீரோய் ஜோன்ஸ். பிற்காலத்தில் அமிரி பராக்கா என்று அறியப்பட்டவர். இத்துணை இழிவு மலிந்த நாட்டில் இத்துணை அழகும் நிலைத்திருப்பதெங்ஙனம் என அவர் வியக்கின்றார். அழகு அவ்விழிவை எதிர்த்து நின்றோரின் உழைப்பில் விளைந்தது என்பதே எமது விடை.

கொல்ட்ரேனை அரசியற் போராளியாகச் சித்திரிக்க நாம் முனையவில்லை. 1964 டிசம்பரிற் பதிவுசெய்த ‘எ லவ் சுப்ரீம்’ என்னும் படைப்பை அவர் இறைவனுக்கே அர்ப்பணித்தார். 1967இல், 40ஆம் வயதில், ஈரற் புற்றுநோயால் மறைந்தார். அவர் நாடிய தீர்வு எமது தீர்வன்று. ஆயினும் கண்டதை மறைக்காத கலைஞன், தன் நம்பிக்கையின் எல்லையையுந் தாண்டி, உண்மைக்குத் துணைநிற்கின்றான்.

அமெரிக்கச் சட்டம் என்ன செய்தது? 1968இல் மத்திய புலனாய்வுத் துறை எவர்மீதும் வழக்கின்றி விசாரணையை மூடிற்று. குற்றவாளிகள் மூவர் 1977, 2001, 2002 ஆகிய ஆண்டுகளிலேயே தண்டிக்கப்பட்டனர். முதலாமவனுக்கு 14 ஆண்டுகள், கடைசியானவனுக்கு 39 ஆண்டுகள் நீதிமன்றம் தாமதித்தது. கொல்ட்ரேனும் தோழரும் தமது சாட்சியத்தை அளிக்க இரண்டு மாதங்களே எடுத்தனர். கலை சமுதாயத்துக்கு என்ன செய்யுமென வினவும் மாணவர்க்கு இக்கணக்கை எடுத்துக்காட்டி, அவ்வைந்து நிமிடங்களையுங் கேட்கச் செய்வதே தக்க விடையாகும்.