டக் டக் அடிக்கும் சென்சார் லைட்

இரவெல்லாம் ‘டக்... டக்...’ என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைகிறது. கொட்டகையில் மாடு மிரள்கிறது, திண்ணையில் படுத்தவர்களுக்குத் தூக்கம் போகிறது. கடைக்கு எடுத்துப் போனால், “இதெல்லாம் ரிப்பேர் ஆகாதுங்க, புதுசு போட்டுக்கங்க” என்று பதில் வருகிறது.

காஞ்சிபுரம் – உத்திரமேரூர் சாலையில், செய்யாற்றை ஒட்டிய மாகறலில், வயலோரத்து வீடு ஒன்றின் கொட்டகைச் சுவரில் இருந்த, ஆள் நடமாடினால் தானே எரியும் சென்சார் லைட்டுக்கும் இதே கதிதான். அந்த வீட்டார் புதிது வாங்கவில்லை. பழையதையே பழுதுபார்த்து மாட்டினார்கள். வாரக்கணக்கில் ஒழுங்காக எரிகிறது. போட்ட சாமானின் விலை இருபது ரூபாய்க்குள்.

வாட்ஸ், தூரம், கோணம் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். அதில் இல்லாதது, உள்ளே எது முதலில் சாகும் என்பது. வெளியே தெரியும் வெள்ளைக் குமிழ் ஒரு லென்ஸ். மனித உடம்பு 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி வீசும் அகச்சிவப்புக் கதிரை அது குவித்து, பின்னால் உள்ள இரட்டைச் சென்சாரில் விழச் செய்கிறது. ஆள் நகர்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் வெப்பம் மாறிமாறி விழும். உடனே ரிலே என்ற சுவிட்ச் இழுத்து விளக்கை ஏற்றும். இந்தச் சென்சார் எளிதில் கெடுவதில்லை. கெடுவது அதற்குச் சோறு போடும் கெபாசிட்டர்.

230 வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் விலை ஏறும். அதனால் மலிவு விளக்குகளில் ஒரு சின்ன பிலிம் கெபாசிட்டரே அந்த வேலையைச் செய்கிறது. லைனில் மின்னழுத்தம் எகிறும்போதெல்லாம் அதன் உலோகப் பூச்சில் ஒரு புள்ளி கருகி மறைகிறது. பம்புசெட் மோட்டார்கள் ஓடி நிற்கும் கிராமத்து லைனில் இது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் தேய்மானம் இன்னும் வேகம். 0.47 மைக்ரோஃபாரட் இருந்த அதன் கொள்ளளவு பாதிக்கு வந்துவிட்டால் ரிலேயைப் பிடித்து நிறுத்தத் தெம்பு இருக்காது. ரிலே இழுக்கும், இழுத்ததும் மின்னழுத்தம் விழும், விழுந்ததும் ரிலே விடும், மறுபடி இழுக்கும். கேட்கும் டக் டக் இதுதான்.

பழுதுபார்ப்பது கடினமல்ல. மெயினை அணைத்துவிட்டு, சில நிமிடம் பொறுத்துத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் இந்தப் போர்டின் எந்த இடத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம், கெபாசிட்டரிலும் மின்சாரம் தங்கியிருக்கலாம். செவ்வகப் பெட்டி போன்ற கெபாசிட்டரின் மேல் 474 என்றோ 334 என்றோ அச்சிட்டிருக்கும். 474 என்றால் 0.47, 334 என்றால் 0.33 மைக்ரோஃபாரட். அதே எண்ணும் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 என்ற குறியும் உள்ளதை வாங்கிச் சாலிடர் வைத்தால் போதும். பழக்கமில்லாதவர்கள் டிவி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம்.

ஆனால் மூடியைக் கழற்ற முடிந்தால்தானே? இப்போது வரும் பல விளக்குகளில் எல்இடி, சென்சார், போர்டு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கெபாசிட்டர் போனால் மொத்த விளக்கும் குப்பைக்கு. தண்ணீர் புகாமலிருக்கத்தான் பசை என்பது சாக்கு. ரப்பர் வளையமும் நான்கு திருகும் அதே வேலையைச் செய்யும்.

கெடாததைக் கெட்டுவிட்டதாக நினைத்துக் கழற்றுவதும் நடக்கிறது. கரண்ட் போய் வந்ததும் விளக்கு தானே எரிவது பழுதல்ல. சென்சார் நிலைக்கு வர ஒரு நிமிடம் வரை ஆகும். அக்னி நட்சத்திரத்தில் முன்னிரவுக் காற்றும் உடம்புச் சூட்டை நெருங்கிவிடுவதால் ஆள் கிட்டே வந்த பிறகே எரியும். மார்கழிக் குளிரில் அதே விளக்கு தூரத்தில் நடப்பவரையும் பிடிக்கும். லென்ஸின் மேல் ஒட்டடை, உள்ளே எறும்பு என்றால் துடைத்தாலே சரியாகிவிடும்.

மின் கட்டணத்துக்காக இந்த விளக்கை வாங்க வேண்டியதில்லை. 10 வாட்ஸ் பல்பு தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். வாங்க வேண்டியது காலடிக்காக. மாகறல் கோயிலின் தலபுராணம் உடும்பைப் பேசும். வயலோரங்களில் உடும்பும் உண்டு, பாம்பும் உண்டு. குளிர் ரத்தப் பிராணிகளின் உடல்சூடு தரையோடு ஒத்துப்போவதால் சென்சார் பெரும்பாலும் அவற்றைக் கண்டுகொள்ளாது. அது பார்ப்பது நம்மை. வெளிச்சத்தில் பாம்பைப் பார்ப்பது நம் வேலை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். டக் டக் தாங்காமல் சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டில் கொட்டகைக்கு நடப்பதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

புதிதாக வாங்குவோருக்குத் தீர்ப்பு இது: ஒட்டி மூடிய ஒற்றை விளக்கு வேண்டாம். சென்சார் தனியாக, பல்பு ஹோல்டர் தனியாக வாங்குங்கள். பெரும்பாலான சென்சார்களுக்கு நியூட்ரல் தேவை. பழைய வயரிங்கில் சுவிட்ச் பெட்டிக்கு ஃபேஸ் மட்டுமே வந்திருக்கும் என்பதால் ஹோல்டர் பக்கத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஏழெட்டு அடி உயரத்தில், ஆள் குறுக்கே கடக்கும்படி மாட்டி, வயரைக் கீழிருந்து ஏற்றுங்கள். ஏற்கெனவே வீட்டில் ஒன்று டக் டக் அடித்துக்கொண்டிருந்தால், தூக்கிப் போடும் முன் அந்தக் கெபாசிட்டரை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.