கூலியோடு வீட்டுக்கு வருவது

நெய்வேலிக்காரர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. பாடியவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். குழுவின் பெயர் ‘ஸ்வீட் ஹனி இன் தி ராக்’, பாட்டின் பெயர் ‘மோர் தேன் எ பேசெக்’. வேலைக்குப் போகிறவர் சம்பளத்தோடு சேர்த்து வீட்டுக்கு வேறு எதையெல்லாம் கொண்டுவருகிறார் என்பதுதான் அதன் பொருள். கல்நார்த் தூசியால் வரும் நோய், மணல் தூசியால் வருவது, பஞ்சாலைத் தூசியால் வருவது, நிலக்கரித் தூசியால் வருவது என்று நோய்களின் பட்டியலே பாட்டாகிறது.

தொழிற்சங்கத் துண்டறிக்கையில் அச்சிட வேண்டிய பட்டியல் அது. பாட்டுக்கு ஆகாத சொற்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அஸ்பெஸ்டோசிஸ், சிலிக்கோசிஸ் என்று அந்தப் பெயர்கள் ஒரே ஓசையில் முடிகின்றன. நம் யாப்பில் இயைபு என்போமே, அது மருத்துவரின் சீட்டிலேயே கிடந்திருக்கிறது. அதைக் கண்டெடுத்தவர் இசாயீ பார்ன்வெல். பேச்சுக் குறைபாட்டியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பொதுச் சுகாதாரமும் படித்தவர். அவருக்கு அந்தச் சொற்கள் இரவல் இல்லை. குழுவில் அவர் பாடியது அடிக்குரல். ஆண்கள் பாடும் மந்திர ஸ்தாயியில் ஒரு பெண்குரல் அசையாமல் நிற்கிறது. அந்த அடித்தளம் இருப்பதால்தான் இவர்களுக்கு வாத்தியம் தேவைப்படவில்லை. கைதட்டல் உண்டு, சில பாட்டுகளில் மணி கோத்த சுரைக்குடுக்கை உண்டு. மற்றதெல்லாம் தொண்டைதான்.

குழுவை 1973இல் வாஷிங்டனில் தொடங்கியவர் பெர்னிஸ் ஜான்சன் ரீகன். 1942இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி அருகே ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகளாகப் பிறந்தார். அவருடைய சிறுவயதில் அவர்கள் தேவாலயத்தில் பியானோ கிடையாது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் வாங்கிப் பாடும். 1961இல் ஆல்பனியில் நிறவெறிக்கு எதிரான போராட்டம் வெடித்தபோது ரீகன் கல்லூரி மாணவி. கைதானார், கல்லூரியை விட்டும் நீக்கப்பட்டார். ஊர்வலம் முடிந்து தேவாலயத்தில் கூடியவர்கள் அவரைப் பாடச் சொன்னார்கள். பழைய பக்திப் பாட்டு ஒன்றில் ‘துன்பம்’ என்று வர வேண்டிய இடத்தில் அவர் ‘விடுதலை’ என்று பாடினார், கூட்டமும் அப்படியே பாடியது. அடுத்த ஆண்டு ‘ஃப்ரீடம் சிங்கர்ஸ்’ என்ற நால்வர் குழுவில் சேர்ந்து, போராட்டத்துக்காக நாடு முழுவதும் பாடப் போனார். பின்னாளில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் கறுப்பின மக்களின் இசை மரபைத் தொகுத்தார். 2004இல் குழுவிலிருந்து ஓய்வு பெற்றவர், 2024 ஜூலையில் மறைந்தார்.

இவர்கள் பாடும் விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, குரல்களை ஒன்றோடொன்று குழைத்து வழுவழுப்பாக்காமல் விட்டிருப்பதுதான். பயிற்சி பெற்ற சேர்ந்திசையில் பத்துப் பேர் ஒரே குரலாக ஒலிப்பதைச் சிறப்பென்பார்கள். இங்கே கரகரப்பு கரகரப்பாகவே இருக்கிறது, கீச்சுக்குரல் கீச்சென்றே மேலேறுகிறது. நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நடத்துநர் யாரும் இல்லாமல், ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்துப் பாடுகிறார்கள். சமத்துவத்தைப் பற்றிப் பாடுகிறவர்கள் பாடும் முறையிலேயே அதைக் காட்டிவிடுகிறார்கள். 1980இலிருந்து ஷெர்லி சில்ட்ரஸ் சாக்ஸ்டன் மேடையில் சேர்ந்துகொண்டார். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்தவர். பாட்டைச் சைகை மொழியில் கைகளால் சொல்வது அவர் பங்காக இருந்தது. அவரை மேடை ஓரத்தில் நிறுத்தவில்லை, குழுவில் ஒருவராகவே வைத்துக்கொண்டார்கள்.

ரீகன் எழுதிய ‘ஆர் மை ஹேண்ட்ஸ் கிளீன்’ ஒரு ரவிக்கைச் சட்டையின் பயணம். எல் சால்வடார் பருத்திக் காட்டில் தொடங்கி, வெனிசுவேலா எண்ணெய், டிரினிடாட் சுத்திகரிப்பு, தென் கரோலினா ஆலை, ஹைத்தித் தையற்கூடம் என்று போய்த் தள்ளுபடி விலையில் அமெரிக்கக் கடைக்கு வந்து சேர்கிறது. கூலி எவ்வளவு என்பதும் பாட்டிலேயே வருகிறது. கடைசியில் ‘என் கைகள் சுத்தமா’ என்ற கேள்வி வாங்குகிறவரிடம் திரும்புகிறது. திருப்பூர் பனியன் போடும் எவருக்கும் அது பொருந்தும்.

இதெல்லாம் நெய்வேலிக்கு எதற்கு என்றால், இங்கே 1957இல் தோண்டத் தொடங்கிய சுரங்கப் பள்ளம் இன்னும் விரிந்துகொண்டே இருக்கிறது. கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணையும் மணற்பாறையையும் ராட்சதச் சக்கரங்கள் வாரி எடுக்கின்றன. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் உடுப்பில் அந்தத் தூசி இருக்கும். துவைக்கும் பெண்ணுக்கு அதன் நிறம் தெரியும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பவர் கொண்டுவரும் தூசியும், மந்தாரக்குப்பம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி கொண்டுவரும் தூசியும் ஒன்றுதான். கொண்டுவரும் சம்பளம் ஒன்றல்ல. இதைப் பற்றி மனுக்கள் உண்டு, முழக்கங்கள் உண்டு. பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டாக நான் கேட்டதில்லை.

பாடத் தெரியாதவர்களும் அல்ல இங்குள்ள பெண்கள். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவு வயலில் பாட்டு இருந்தது. ஒருத்தி அடியெடுப்பாள், வரிசையில் குனிந்திருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள், குலவை எழும். அங்கும் வாத்தியம் கிடையாது, குரல்களைக் குழைத்தெடுக்க ஆளும் கிடையாது. மேற்பார்வை பார்ப்பவரின் கெடுபிடியும் கூலிக் குறைவும் அவருடைய காதுபடவே அந்தப் பாட்டில் வந்துபோகும். ரீகன் தன் தேவாலயத்தில் கற்ற வித்தையும் அடிப்படையில் இதுதான். அவருக்கு ஒரு போராட்டமும் மேடையும் கிடைத்தன. இங்கே நிலம் சுரங்கத்துக்குப் போன ஊர்களில் நடவும் போயிற்று, அதோடு பாட்டும் போயிற்று. மிச்சமிருப்பது வயதான சில பெண்களின் நினைவில்தான்.

‘ஸ்வீட் ஹனி’ குழுவைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் 1988இல் வெளிவந்த கார்னகி ஹால் நேரடிப் பதிவிலிருந்து தொடங்கலாம். ஸ்டூடியோப் பதிவுகளைவிட அதில்தான் இவர்கள் முழு வீச்சில் இருக்கிறார்கள். நம் ஊரிலும் ஒரு காரியம் செய்யலாம். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் ஒவ்வொரு மாலையும் மேடை நிகழ்ச்சி நடக்கிறது. ஒரு மாலையை நடவுப் பாட்டு தெரிந்த பெண்களுக்குக் கொடுங்கள். பக்கவாத்தியம் வைக்காதீர்கள், நல்ல மைக் வையுங்கள், பாடுவதைப் பதிவு செய்யுங்கள். சுரங்கத்தைப் பற்றிப் புதிதாக ஒரு பாட்டு கட்டச் சொல்லியும் கேளுங்கள்.