பி. சி. சர்க்கார்: ஒரு மதிப்பீடு

பி. சி. சர்க்கார் (1913–1971) வங்காளத்தின் டாங்கைல் பகுதியில் பிறந்த மேடை மாயக்கலைஞர். 'இந்திரஜால்' நிகழ்ச்சியைப் பல நாடுகளில் நடத்தினார். 1964-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஜப்பானில் நிகழ்ச்சி நடத்தச் சென்றிருந்தபோது மறைந்தார்.

1956-ல் பிபிசி தொலைக்காட்சியில் ஓர் இளம்பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அவள் எழுவதற்குள் ஒளிபரப்பு முடிந்தது. இறந்துவிட்டாளோ என்று பதறியவர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன.

இது இந்திய வித்தை அல்ல. 1921-ல் லண்டனில் செல்பிட் மேடையேற்றியது. சர்க்கார் சேர்த்தது மகாராஜா உடையும் கீழைநாட்டு மர்மமும். மேற்கு கற்பனை செய்த இந்தியாவை மேற்குக்கே காட்டி வென்றது அவரது திறமை. தெருவில் துணி விரித்துக் கிண்ணமும் பந்தும் வைத்து ஆடும் செப்பிடுவித்தைக்காரரின் நுட்பத்துக்கு அந்தப் பகட்டில் இடமில்லை. மேடை வித்தைக்கு அவர் தேடித்தந்த மதிப்பு தெருவுக்கு வரவில்லை என்பதே அவரது சாதனையின் எல்லை.