பத்து நிமிடத்தில் ஒரு பிரபஞ்சத்துக்கு மதிப்பெண்

காத்திருப்பதையே ஆட்டமாக்கிய கணினி விளையாட்டு வகை ஒன்று உண்டு. ஐடில் கேம் என்பார்கள். பொத்தானை அழுத்தினால் ஒரு பொருள் சேரும். சேர்ந்ததைக் கொடுத்து இயந்திரம் வாங்கினால் அது நமக்காகச் சேர்க்கும். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். திரும்ப எடுக்கும்போது கணக்கு ஏறியிருக்கும். இந்த வகைக்கு விண்வெளியைப் போல் பொருந்தும் களம் வேறில்லை. ஒரு விண்கல்லில் இரும்பு தோண்டுவதில் தொடங்கி, கோள், சூரியக் குடும்பம், பால்வெளி என்று எண் பெருகப் பெருக இடமும் பெருகும்.

இத்தகைய விளையாட்டுகள் ஏராளமாகப் பிறப்பது கேம் ஜாம்களில். கொடுத்த தலைப்புக்கு, குறித்த கெடுவுக்குள், ஒரு முழு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். ஜெஃப் ஹௌலாண்ட் 2002இல் தொடங்கிய லூடம் டேரில் தனியாளுக்கு 48 மணி நேரம், குழுவுக்கு 72 மணி நேரம். 2009இல் குளோபல் கேம் ஜாம் முதன்முதலாக நடந்தபோதே 23 நாடுகளில் 53 இடங்களில் ஆட்கள் உட்கார்ந்து செய்தார்கள். இன்று வாழப்பாடியிலிருந்து சேலத்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரும் மாணவர்கூட, ஒரு லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டும் இருந்தால் வீட்டிலிருந்தே ஒரு ஜாமில் இறங்கிவிடலாம். பெரும்பாலான ஜாம்களில் பரிசுப்பணம் பெரிதாக இருக்காது. முன்பின் அறியாதவர்கள் விளையாடிப் பார்த்துச் சொல்லும் கருத்துத்தான் கூலி.

அந்தக் கருத்தைத் திரட்டும் முறை நல்ல முறை. ஆனால் ஐடில் கேமை அது தொடக்கத்தோடு பார்த்து முடித்துவிடுகிறது. ஒருவர் என்ன சொன்னார் என்பதைப் பதிவு செய்கிறது. எத்தனையாவது நிமிடத்தில் நின்று சொன்னார் என்பதைக் கேட்பதில்லை. மற்ற வகைகளுக்கு இது சிறு குறை. நேரத்தையே மூலப்பொருளாகக் கொண்ட ஒரு வகைக்கு இது அடிப்படைக் குறை.

முறையின் பலம்

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது பெரிது. லூடம் டேரில் மதிப்பெண் போடுபவர்கள் போட்டியாளர்களே. நீங்கள் எவ்வளவு பேரின் விளையாட்டை ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்கு உங்களுடையது மற்றவர் கண்ணில் படும். இறுதித் தரவரிசையில் இடம் பெறச் சுமார் 20 பேரின் மதிப்பீடாவது வேண்டும். இதன் பயனை ஊரிலிருந்து முதன்முதலாகக் கலந்துகொள்ளும் ஒருவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அவருக்கு விளம்பரக் காசு இல்லை, பின்தொடர்பவர் கூட்டம் இல்லை. ஆப் ஸ்டோரில் போட்டால் அந்த விளையாட்டை யாரும் தேடி வரப்போவதில்லை. இங்கேயோ, அடுத்தவர் விளையாட்டுக்கு நேரம் கொடுக்கும் உழைப்பு ஒன்றை மட்டுமே செலவிட்டு இருபது பேரைச் சம்பாதித்துவிடுகிறார். உழைப்புக்கு உழைப்பு என்ற இந்தப் பண்டமாற்றில் பெரிய ஊர், சின்ன ஊர் வேறுபாடு இல்லை.

விளையாடிப் பார்ப்பவர்களும் தொழில் தெரிந்தவர்கள். "நல்லா இருக்குடா" என்று தோளில் தட்டிப் போகும் நண்பரிடம் கிடைக்காத துல்லியம் அவர்களிடம் கிடைக்கும். பத்து இயந்திரங்களை ஒரே அழுத்தில் வாங்க வழியில்லை, விலை எழுத்து கறுப்பு வானத்தில் மங்கித் தெரிகிறது, இரண்டாவது கோள் எப்போது திறக்கும் என்று எங்கும் சொல்லவில்லை என்று பிழையைச் சுட்டி எழுதுவார்கள். எழுதிய நிரல் இன்னும் நினைவில் இருக்கும்போதே இவை வந்துசேர்வதால் அன்றிரவே திருத்திவிட முடிகிறது. முதல் ஐந்து நிமிடத்தைச் செம்மைப்படுத்த இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நாற்பதாவது இயந்திரமும் நூறாவது இயந்திரமும்

குறை அந்த முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தொடங்குகிறது. அதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். விண்கல்லில் இரும்பு தோண்டும் விளையாட்டு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் தோண்டும் இயந்திரத்தின் விலை 10 இரும்பு. ஒவ்வொரு இயந்திரமும் நொடிக்கு 1 இரும்பு தரும். ஒன்று வாங்கியதும் அடுத்ததன் விலை 15 விழுக்காடு ஏறும். இந்த 15 நான் கற்பித்த எண் அன்று. ஜூலியன் தியனோ 2013 ஆகஸ்டில் ஒரே மாலையில் எழுதி வெளியிட்ட குக்கி கிளிக்கர் என்ற ஐடில் கேமில் கட்டடங்களின் விலை ஏறுவது இதே விகிதத்தில்தான். பின்னால் வந்த பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இதை ஆடுபவர் இரண்டரை நிமிடத்தில் 25 இயந்திரங்களை வாங்கிவிடுவார். கைக்கு ஓய்வில்லை, உற்சாகம்தான். பத்து நிமிடத்தில் நாற்பதாவதை நெருங்குவார். அதற்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஐம்பதாவதற்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். எழுபத்தைந்தாவதற்கு 70 நிமிடம். நூறாவது இயந்திரத்துக்கு 28 மணி நேரத்துக்கும் மேல்.

ஜாமில் நூறு விளையாட்டுகளைப் பார்த்தாக வேண்டிய ஒருவர் எங்கே நிற்பார்? நாற்பதாவதில். அங்கிருந்து அவர் சொல்வது: "போகப் போக மெதுவாகிறது, விலையைக் குறையுங்கள்." அவர் உணர்ந்தது உண்மை. ஆனால் செய்தவர் அதைக் கேட்டு 15 விழுக்காட்டை 12 ஆக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நாற்பதாவதற்கான காத்திருப்பு ஒரு நிமிடத்திலிருந்து 21 நொடியாகும், சொன்னவர் மகிழ்வார். நூறாவதற்கான காத்திருப்போ 28 மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாகச் சரியும், ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு. ஒரு நாள் விட்டுத் திரும்பி வருவதற்கென்று வைத்த காத்திருப்பு ஒரே உட்காரலில் தீர்ந்துவிடும். சொன்னவருக்கும் இது தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது, ஏனென்றால் இருவருமே நூறாவது இயந்திரத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் சேலம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலையில் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. ஏறக்குறைய பத்து மாதம் மண்ணில் கிடந்த பயிரின் விலையை, லோடிலிருந்து எடுத்த கொஞ்சம் கிழங்கில் உள்ள மாவுச்சத்து முடிவு செய்கிறது. மாதிரி லோடு முழுவதையும் சரியாகக் காட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. மேலாகக் கிடந்ததை மட்டும் எடுத்தால்தான் தகராறு. ஜாம், ஐடில் கேமிலிருந்து எடுக்கும் மாதிரி எப்போதும் மேலாகக் கிடப்பதுதான்.

கடைசியில் வரும் விண்வெளி

இந்த வகையின் சிறந்த படைப்புகளை இப்படி அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மைக்கேல் டவுன்செண்ட் 2013இல் வெளியிட்ட 'எ டார்க் ரூம்' ஓர் இருட்டறையில் தீ மூட்டுவதில் தொடங்குகிறது. திரையில் எழுத்தும் ஓரிரு பொத்தான்களும் மட்டுமே. ஊர் எழுப்பி, காடு சுற்றி, நெடுநேரம் கழித்துத்தான் விண்கலம் கிளம்புகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கணினி விளையாட்டுத் துறையை நடத்திய ஃபிராங்க் லான்ட்ஸ் 2017 அக்டோபரில் வெளியிட்ட 'யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்' காகித ஊக்கு செய்யும் ஒற்றைப் பொத்தானில் தொடங்கி, மூன்றாம் கட்டத்தில்தான் பிரபஞ்சத்துக்குள் ஆய்வுக்கலங்களை அனுப்புகிறது. அங்கே போய்ச்சேர மணிக்கணக்காகும். பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதுபவர் முதலாவதை "படமே இல்லை" என்றும், இரண்டாவதை "ஊக்கு மட்டும்தான்" என்றும் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். லூடம் டேரில் புதுமை, கேளிக்கை, தலைப்புப் பொருத்தம், படம், ஒலி, நகைச்சுவை, மனநிலை என்று தனித்தனியே மதிப்பெண் உண்டு. மெல்ல மெல்ல விரிந்து கடைசியில் வியக்க வைக்கும் ஆற்றலுக்கு அதில் ஒரு கட்டம் இல்லை.

தொழில்நுட்பப் பிழையிலும் இதே கதை. ஐடில் கேம் கொடுக்கும் முதல் வாக்குறுதி, நீ இல்லாதபோதும் நான் ஓடிக்கொண்டிருப்பேன் என்பது. ஆனால் குரோம் போன்ற பிரவுசர்கள், பார்வையில் இல்லாத டேபின் கடிகாரத்தை நொடிக்கு ஒரு முறையாகக் குறைத்துவிடும். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து கிடக்கும் டேபில் அது நிமிடத்துக்கு ஒரு முறை என்றுகூட ஆகலாம். கடந்த நேரத்தைக் கணக்கிட்டுச் சேர்க்காமல், கடிகாரத் துடிப்புக்கு ஓர் இரும்பு என்று எழுதிய விளையாட்டு அங்கேயே முடங்கிப்போகும். இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் டேபை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர் மட்டுமே. கண் எடுக்காமல் பத்து நிமிடம் ஆடி மதிப்பெண் போட்டவர் இந்தப் பிழை இருப்பதையே அறியமாட்டார். அவர் கொடுத்த நல்ல மதிப்பெண் பிழையை மூடிவிடும்.

யார் ஆடுகிறார்கள்

ஐடில் கேமின் இயல்பான ஆட்டக்காரர் வேறு வேலையில் இருப்பவர். நாமக்கல்லில் லோடுக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர், பகல் வெயிலில் ஆள் வராத கடையில் உட்கார்ந்திருப்பவர், இரவுக் காவலில் இருப்பவர். அவர்கள் மணிக்கொரு முறை போனை எடுத்து இரண்டு நிமிடம் பார்த்து வைப்பார்கள். ஜாமில் மதிப்பிடுபவர் பெரிய திரையின் முன் மவுஸோடு உட்கார்ந்து, அடுத்தடுத்து விளையாட்டுகளைத் திறந்து மூடுகிறார். விரலுக்குப் பொத்தான் சின்னது என்பதோ, எண் கோடியைத் தாண்டியதும் வரும் ஆங்கிலச் சுருக்கெழுத்து நம்மூர்க்காரருக்குப் புரியவில்லை என்பதோ அவர் கருத்தில் வராது. அது அவர் தவறும் அன்று.

தரவரிசைக் கணக்கும் இந்தக் குறையைப் பெருக்குகிறது. இட்ச் டாட் ஐஓ தளத்து ஜாம்களில், ஒரு விளையாட்டுக்கு வந்த வாக்குகள் அந்த ஜாமின் எல்லா விளையாட்டுகளும் பெற்ற வாக்குகளின் இடைநிலை எண்ணிக்கையைவிடக் குறைந்தால் சராசரியைக் குறைப்பார்கள். வாக்குகளை இடைநிலையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் பெருக்குவது முறை. இடைநிலை 12, உங்களுக்கு வந்தது 8, சராசரி 4.0 என்றால் கையில் நிற்பது 3.27. இரண்டு நண்பர்கள் போட்ட ஐந்தைக் கொண்டு ஒருவர் முதலிடம் பிடிப்பதைத் தடுக்கும் நியாயமான ஏற்பாடு இது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் நேரம் கேட்கும் விளையாட்டைப் பலர் தள்ளிவைப்பார்கள், வாக்கு குறையும், குறைந்ததற்காக மதிப்பெண்ணும் குறையும்.

இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழி, முழு விளையாட்டையும் இருபது நிமிடத்தில் முடியும்படி சுருக்குவது. வாக்கு வாங்க அது உதவும், செய்து முடித்த நிறைவும் கிடைக்கும். ஆனால் விட்டுப்போய்த் திரும்பி வரும் இன்பம் அதில் அடிபட்டுவிடும். அந்த இன்பத்தைத் தவிர்த்துவிட்டால் இந்த வகையில் மிஞ்சுவது பொத்தான் அழுத்தும் பயிற்சிதான். ஆகவே சுருக்குவதை ஜாமுக்கான தனிப் பதிப்பாக வைத்துக்கொண்டு, மெதுவாக ஓடும் பதிப்பையும் கூடவே கொடுப்பதே நேர்மையான வழி.

செய்ய வேண்டியது

ஜாம் நடத்துபவர்கள் மதிப்பெண் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: எவ்வளவு நேரம் ஆடினீர்கள்? ஐடில் கேம்களுக்கு மட்டும், ஒரு வாரம் கழித்து விரும்பியவர்கள் இரண்டாம் கருத்துச் சொல்ல இடம் கொடுக்கலாம். முதல் மதிப்பெண்ணை மாற்ற வேண்டாம்; பக்கத்தில் இன்னொன்று இருக்கட்டும்.

ஆடுபவர்கள் மருந்து எழுதுவதைக் குறைத்துக்கொண்டு வலித்த இடத்தைச் சொல்லலாம். "விலையைக் குறையுங்கள்" என்பதைவிட, "எட்டாவது நிமிடத்தில், 38ஆவது இயந்திரத்துக்குக் காத்திருக்கையில் மூடிவிடத் தோன்றியது" என்பது நூறு மடங்கு பயன்.

செய்பவர்கள் ஒவ்வொரு இயந்திரமும் வாங்கிய நேரத்தை, ஆடுபவருக்குச் சொல்லிவிட்டு, சேவ் கோப்பிலேயே குறித்து வைக்கலாம். அதோடு, ஜாமின் இருபது பேர் தர முடியாததை வாழப்பாடி தரும். அண்ணன், பக்கத்துக் கடைக்காரர், பஸ்ஸில் கூட வரும் நண்பர் என்று நாலைந்து பேரின் போனில் ஒரு வாரம் ஓடவிட்டு, மறுநாள் தாமாகத் திறந்தார்களா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். "நல்லா இருக்கு" என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. திறந்தார்களா இல்லையா என்பது பொய் சொல்லாது.

குக்கி கிளிக்கர் ஒரு மாலையில் பிறந்தது. 2021இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வரும்வரை எட்டு ஆண்டுகள் ஆடுபவர்களோடு சேர்ந்தே வளர்ந்தது. ஜாம் தரும் பின்னூட்டம் அந்த நெடிய உரையாடலின் முதல் வரி. அதை மதித்துக் கேட்க வேண்டும், அன்றிரவே திருத்தவும் வேண்டும். அதையே முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, நூறாவது இயந்திரம்வரை யாரும் போய்ப் பார்க்காத ஒரு விளையாட்டைத் தோல்வி என்று கைவிடும் மாணவர் ஒருவர் இருந்தாலும், அந்த இழப்புக்கு முறைதான் பொறுப்பு. முறையைத் திருத்த ஒரு கேள்வியும் ஒரு வாரமும் போதும் என்னும்போது திருத்தாமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.